சாபம் பிடித்த கிடாக்கள்

கோலய்யாவைப் பார்க்க வேண்டுமென்றால் பொழுது விடியும்போதே கிளம்பிவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. செம்மறி ஆடுகள் சினையாக இருந்த அந்தப் பருவம் முழுக்க அவருடைய களத்துக்குப் போகிற பாதையில் டிராக்டர், வேன், மோட்டார் சைக்கிள் என்று வரிசைகட்டி நின்றன. ஆடு வைத்திருந்தவர்கள் தங்கள் குறையைச் சொல்ல வந்தார்கள். அவர்களுடைய சொந்தக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குக் கடலையும் டீயும் விற்க வந்தவர்கள், கூட்டத்தைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றதில் டீ ஆறிப்போனது.

சினை ஆடு நாள் நிறையாமலே குட்டி வீசுகிறதா? கோலய்யாவிடம் போ. குட்டி செத்துப் பிறக்கிறதா? கோலய்யாவிடம் போ. பட்டியில் ஆடே இல்லையா? அதற்கும் அவரிடம்தான் போக வேண்டும். இருந்த ஆட்டை ஓட்டிக்கொண்டு போனவரே அவர்தானே.

அவர் காசைக் கையால் தொடமாட்டார். அதுதான் அவருடைய பெருமை. கையில் இருக்கும் நீளமான கோலோடு பட்டிக்குள் நுழைவார். மந்தைக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். எந்த ஆடு தானாக வந்து கோலின் நுனியை நக்குகிறதோ, அந்த ஆட்டில்தான் சாபம் இறங்கியிருக்கிறது. அதை அவர் ஓட்டிக்கொண்டு போய்விடுவார். சாபம் அவரோடு, நிம்மதி உங்களோடு. இந்தச் சாபத்துக்கு ஒரு குணம் இருந்தது: நல்ல கொழுத்த ஆடாகப் பார்த்துத்தான் பிடிக்கும். எலும்பும் தோலுமான ஆட்டைச் சாபம் பிடித்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அது ஏன் என்று யோசித்தவரும் இல்லை. வரிசையில் நிற்கவே நேரம் போதாதபோது யோசிக்க எங்கே நேரம்?

இரண்டு மருமகள்கள் இருந்த ஒரு வீட்டுக்கும் அந்த வருஷம் இந்தக் கஷ்டம் வந்தது. அங்கே பட்டியின் பொறுப்பு முழுக்க மூத்த மருமகளுடையது. தண்ணீர்த் தொட்டி கழுவுவது, தீவனம் வைப்பது, ஆடுகள் நக்குவதற்கு உப்புக் கட்டியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது, எல்லாம் அவள்தான். ஆடுகள் பேச்சை எதிர்பார்க்காத ஜீவன்கள் என்பதால் அவளுக்கு அவற்றோடு ஒத்துப்போயிற்று. மனிதர்களோடுதான் கொஞ்சம் சிரமம். மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள்.

குட்டி போட இன்னும் சில வாரங்களே இருந்த நேரத்தில் ஓர் ஆடு குட்டி வீசியது. மறுநாள் இன்னொன்று. அந்த வாரம் முடிவதற்குள் காலையில் பட்டிக் கதவைத் திறக்கவே அவளுக்குப் பயமாகிவிட்டது. முழுசாக உருவான குட்டிகள், மயிர்கூட முளைத்தவை, வைக்கோலில் அசையாமல் கிடந்தன. அழுகிற ரகமில்லை அவள். ஆனாலும் ஒருநாள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து அழுதாள்.

கால்நடை மருத்துவரை அழைத்ததும் அவள்தான். டாக்டரம்மா முழங்கால் வரை பூட்ஸும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொண்டு வந்து, விழுந்த குட்டியையும் நஞ்சுக்கொடியையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். புதிதாக வெளியிலிருந்து ஆடு வாங்கினீர்களா என்று கேட்டார். மாமனார் பட்டியின் கூரையில் ஏதோ ஓட்டை இருப்பதைப் போல அண்ணாந்து பார்த்துவிட்டு, எல்லாம் நம்ம பட்டியிலேயே பிறந்ததுதான் என்றார். போன வருஷம் சந்தையில் மலிவாகக் கிடைத்ததென்று பெட்டை ஆடுகளை வாங்கி வந்து, தன் சாமர்த்தியத்தை ஒரு மாதம் வாய் ஓயாமல் பேசியவர் அவர்தான். மூத்தவள் வாயைத் திறந்தாள். மாமியார் ஒரு பார்வை பார்த்தார். மூத்தவள் வாயை மூடிக்கொண்டு, டாக்டரம்மாவை வழியனுப்பப் போகும் சாக்கில் கேட்டருகே வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

டாக்டரம்மா சொன்னது இவ்வளவுதான்: இது பாக்டீரியாக் கிருமியின் வேலையாக இருக்கலாம். எந்தக் கிருமி என்று இப்போது தெரியாது. மாதிரியை லேபுக்கு அனுப்பி, முடிவு வந்ததும் சொல்கிறேன். அதுவரை குட்டி வீசிய ஆடுகளைத் தனியாகக் கட்டுங்கள். விழுந்த குட்டியையும் நஞ்சுக்கொடியையும் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். பிறகு வாசலில் நின்றிருந்த இளைய மருமகளைப் பார்த்தார். அவளுக்கு வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது.

“நீங்க இந்தப் பட்டிப் பக்கமே வரக் கூடாதும்மா. இவங்க போட்டுட்டு வர்ற துணியைக்கூடத் தொடாதீங்க. இதுல சில கிருமி ஆட்டோட நிக்காது. மனுஷங்க கருவையும் கலைச்சிடும்.”

மாமனாருக்கு இது பிடிக்கவில்லை. கிருமி வந்தது பிடிக்கவில்லை என்பதைவிட, டாக்டர் என்று பேர் வைத்துக்கொண்டு தெரியாது என்று சொன்னது பிடிக்கவில்லை. தெரியாதென்று சொல்வதற்கா இத்தனை வருஷம் படித்தாள் என்று சாப்பிடும்போது கேட்டார். தெரியாது என்று சொல்ல மூத்த மகனுக்கே தெரியும் என்றார். மூத்த மகன் தலையைக் குனிந்து சாப்பிட்டான்.

அடுத்த நாள் மாமனாரும் கோலய்யாவின் வரிசையில் நின்றார்.

கோலய்யா நேரிலேயே வந்தார். வெள்ளைத் துணி, நரைத்த தாடி, நடையில் ஓர் அவசரமின்மை. கூடவே அவருடைய மைத்துனர் வேனை ஓட்டிக்கொண்டு வந்தார். அக்கம்பக்கத்துப் பட்டிக்காரர்கள் ஒரு சின்னக் கூட்டமாகப் பின்னால் வந்தார்கள். கோலைப் பட்டிக் கதவின் கட்டையில் சாய்த்து வைத்துவிட்டு, கோலய்யா உள்ளே போய் நாற்காலியில் அமர்ந்து, கொடுத்த டீயைக் குடித்து, நெடுநேரம் மூச்சை இழுத்து விட்டார். பிறகு வீட்டில் இருந்த ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து இளையவளிடம் நிறுத்தினார்.

“இந்த வீட்டுல ஒரு வயிறு நிறையுது. அதனாலதான் பட்டியில எல்லா வயிறும் காலியாவுது.”

கூட்டம் ஆகா என்றது. என்ன ஞானம், என்ன ஞானம். இளையவள் கர்ப்பமாக இருப்பதைக் கண்டுபிடிக்க அவளைப் பக்கவாட்டில் பார்த்தாலே போதும். அதற்கு ஞானம் வேண்டியதில்லை. அத்தனை ஆடுகளின் கருவையும் அவள் வயிறு இழுத்துக்கொண்டது உண்மையென்றால், இந்நேரம் அவள் நிலைவாசலுக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்றிருக்க வேண்டும். அவளோ வாந்தி எடுத்து எடுத்துக் குச்சியாகிக் கிடந்தாள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லாரும் அவளிடமிருந்து ஓர் அடி தள்ளி நின்றார்கள்.

பரிகாரம் சுலபம்தான். கோலய்யா அடுத்த வாரம் சந்தை கூடும் நாளில் வருவார். அதுவரை விழுகிற குட்டிகளைப் புதைக்கக் கூடாது. ஒரு டிரம்மில் போட்டு மூடி வைக்க வேண்டும். அன்றைக்கு இளையவள் அவற்றை வெறுங்கையால் எடுத்து, மார்போடு அணைத்து, பட்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு தாய் ஆட்டிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். கோல் காட்டுகிற ஆடுகளை அவர் ஓட்டிக்கொண்டு போவார். முக்கியமான விஷயம் இன்னொன்று: அவர் வரும்வரை மந்தைக்கு உப்புக் காட்டக் கூடாது. உப்பு சாபத்தைக் கட்டிப் போட்டுவிடும், வெளியே வரவிடாது.

அன்று சாயங்காலம் இளையவள் துணி மடிக்கிற அறையில் மூத்தவளின் தோளில் சாய்ந்து, நிஜமாகவே என்னாலதானா அக்கா என்று கேட்டாள். மூத்தவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. இந்தப் பெண்ணின் கண்ணில் மண்ணைத் தூவியிருந்தால்கூடத் துடைத்துவிடலாம். அந்தக் கோலய்யா மனதிலேயே தூவிவிட்டுப் போய்விட்டான். இளையவளின் புருஷன் லாரி ஓட்டிக்கொண்டு எங்கோ தூரத்தில் இருந்தான். போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்பா சொல்றதைக் கேளு, ஒரு நிமிஷ வேலைதானே என்று வைத்துவிட்டான். வயிற்றில் இருப்பது அவன் பிள்ளை. டாக்டரம்மா சொன்னதை மூத்தவள் மாமனாரிடமும் மாமியாரிடமும் தன் புருஷனிடமும் தனித்தனியாகச் சொல்லிப் பார்த்தாள். மாமனார் டிரம்முக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அதுதான் அவர் சொன்ன பதில்.

உப்புக் கட்டிகளை மாமனாரே முன்னால் நின்று கழற்ற வைத்தார். இரண்டு மூன்று நாள் போனது. ஒரு காலையில் மூத்தவள் தீவனத்தோடு போனபோது, ஆடுகள் தீவனத்தைச் சட்டை செய்யாமல் பட்டிக் கதவருகே முட்டி மோதிக்கொண்டிருந்தன. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கதவுக் கட்டையை நக்கின. கட்டை முழுவதையும் அல்ல. ஒரே ஓர் இடத்தை. அந்த இடத்தில்தான் கோலய்யா தன் கோலைச் சாய்த்து வைத்திருந்தார்.

மூத்தவள் ஆடுகளை விலக்கிவிட்டுக் குனிந்து பார்த்தாள். மரத்தின் விரிசலில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. ஓர் ஆணியால் சுரண்டி உள்ளங்கையில் போட்டுக்கொண்டாள். வருஷக்கணக்காக உப்புக் கட்டியோடு புழங்குகிறவளுக்கு அது என்னவென்று தெரிய இன்னொருவரைக் கேட்க வேண்டியதில்லை. அந்த வாரத்தில் முதல் முறையாகச் சிரித்தாள். அடப் பாவி, இவ்வளவுதானா என்று ஆட்டிடமே சொன்னாள்.

மாமனாரிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்: கோலய்யாவின் கால் பட்ட இடமெல்லாம் உப்பாக மாறுகிறது என்று ஊரே கிளம்பி வரும். ஆகவே வாயைக் கட்டிக்கொண்டாள். சினை ஆடுகள் இருந்த பட்டியில் உப்புக் கட்டிகளைத் தீவனத் தொட்டிக்கு அடியில், மாமனார் குனிந்து பார்க்காத இடமாகப் பார்த்து வைத்தாள். ஆடுகள் ஆசை தீர நக்கின. பக்கத்துத் தடுப்பில் காயடித்த கிடாக்கள் இருந்தன. அவற்றுக்கு மட்டும் உப்புக் காட்டவில்லை. கோலய்யாவின் கட்டளையை ஓர் இடத்திலாவது மதிக்க வேண்டுமல்லவா. பிறகு டாக்டரம்மாவுக்குப் போன் செய்து, சந்தை நாளன்று கட்டாயம் வரச் சொன்னாள்.

சந்தை நாளில் சந்தைக்குப் போக வேண்டியவர்கள்கூட அவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வேலி முழுக்கத் தலைகள். தீவனக் கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டுக் குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் நின்றார். கோலய்யா வேனைவிட்டு இறங்கியதும் மாமனார் சாவியை இடுப்பிலிருந்து எடுத்தார். டிரம் திறந்ததும் வந்த வாடையில் முன்வரிசை பின்வரிசையாயிற்று. மாமியார் இளையவளின் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்தார்.

மூத்தவள் டிரம்முக்கும் இளையவளுக்கும் நடுவில் போய் நின்றாள். மாமனார் முறைத்தார். கூட்டத்துக்கு முன்னால் மருமகளைப் பிடித்துத் தள்ள முடியாது என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

“முதல்ல கோல் பேசட்டும் மாமா. சாபம் எந்த ஆட்டுல இருக்குன்னு எல்லாரும் பார்க்கட்டும். அப்புறம் இவ தூக்கறதைப் பத்திப் பேசலாம்.”

இதில் மறுக்க என்ன இருக்கிறது? கோலய்யாவுக்கும் முதலில் ஆடு, பிறகு மற்றது என்பது உள்ளூரப் பிடித்தமான வரிசைதான். பட்டிக்குள் இறங்கினார். கண்ணை மூடினார். கோலை நீட்டினார். நீட்டிய திசையில் மந்தையிலேயே கொழுத்த ஆடு நின்றிருந்தது. மூடிய கண்ணுக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள்.

ஆடு கோலைப் பார்த்தது. கோலய்யாவைப் பார்த்தது. அசை போட்டபடி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அவர் அடுத்த ஆட்டிடம் போனார். அது நகர்ந்து இடம் விட்டது. இன்னோர் ஆட்டின் மூக்குக்கு நேராகவே நுனியைக் கொண்டுபோனார். அது ஒரு தும்மல் போட்டது. பட்டியை ஒரு சுற்று வந்து முடித்தபோது கோலய்யாவின் நெற்றியில் வியர்வை. கூட்டத்தில் நம்பிக்கை இல்லாதவர் யாரோ இருக்கிறார்கள், அதனால்தான் சாபம் ஒளிந்துகொண்டது என்றார்.

“நான்தான் இருக்கேன். ஆனா அது ஆட்டுக்கு எப்படித் தெரியும்?” என்றாள் மூத்தவள். பிறகு ரொம்பப் பணிவாக, சாபம் பக்கத்துத் தடுப்புக்குத் தாவியிருக்குமோ என்று கேட்டாள். கோலய்யா பதில் யோசிப்பதற்குள் தடுப்பைத் திறந்துவிட்டாள்.

கிடாக்கள் ஒரே பாய்ச்சலில் வந்தன. முதல் கிடா கோலின் நுனியைக் கவ்வியது. இரண்டாவது அதை இடித்துத் தள்ளிவிட்டு நக்கியது. மூன்றாவது, கோலில் இடமில்லை என்று கோலய்யாவின் கையையே நக்கியது. ஒன்று அவருடைய இடுப்புத் துணிக்குள் மூக்கை நுழைத்தது. அங்கேதான் அவர் கையிருப்பை வைத்திருந்தார் போலிருக்கிறது. அவர் கோலைத் தலைக்கு மேல் தூக்கினார். கிடாக்கள் முன்னங்கால்களை அவர் மார்பில் வைத்து ஏறின.

வேலியோரம் இருந்து ஒரு கிழவர்தான் முதலில் சிரித்தார். சாபம் அதுககிட்ட எதைக் கலைக்கும், அதுக ஆம்பளைகூட இல்லையே என்றார். அதன் பிறகு கூட்டத்தைப் பிடித்து நிறுத்த முடியவில்லை.

மூத்தவள் இன்னும் முடிக்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து, கோலைப் பிடுங்கி, நுனியை அலசித் தேய்த்தாள். மறுபடி கிடாக்களிடம் நீட்டினாள். அவை மோந்து பார்த்துவிட்டு விலகின. பிறகு பட்டி பெருக்குகிற துடைப்பத்தின் பிடியை நனைத்து, உப்புத் தூளில் புரட்டி நீட்டினாள். அத்தனை கிடாக்களும் துடைப்பத்தைச் சுற்றி நின்று நக்கின.

“இதோ, துடைப்பய்யா. யாருக்காவது சாபம் பார்க்கணுமா?”

அந்தச் சிரிப்புக்கு நடுவே கோலய்யா வேனை நோக்கி ஓடினார். இடுப்பில் உப்பு இருந்ததால் கிடாக்களும் கூடவே ஓடின. அவர் ஏறினார், பின்னாலேயே இரண்டு கிடாக்கள் ஏறின. அவற்றை இறக்கிவிடும் சாக்கில் பட்டிக்காரர்கள் வேனைச் சூழ்ந்துகொண்டார்கள். அப்போதுதான் ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் இருந்த மைத்துனரின் முகத்தை உற்றுப் பார்த்தார். சந்தையில் மலிவு விலைக்கு ஆடு விற்கிறவரல்லவா நீங்கள் என்று கேட்டார். மைத்துனர் அவசரமாகச் சாவியைத் தேடினார்.

கூட்டத்தில் நின்றிருந்த டாக்டரம்மா முன்னால் வந்து, இவரிடம் ஆடு வாங்கியவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. கடைசியாக மாமனாரின் கையும் பாதி உயரத்துக்கு எழுந்தது. குட்டி வீசிய மந்தையிலிருந்து கோலய்யா ஆட்டைச் சும்மா ஓட்டிக்கொண்டு போவார். மைத்துனர் அதைச் சந்தையில் மலிவாக விற்பார். வாங்கியவர் பட்டியில் அடுத்த பருவத்தில் குட்டி விழும். அவர் கோலய்யாவிடம் ஓடி வருவார். நோயும் அவர்களுடையது, பரிகாரமும் அவர்களுடையது. போலீஸ் வரும்வரை இரண்டு பேரும் வேனுக்குள்ளேயே கிடாக்களோடு உட்கார்ந்திருந்தார்கள்.

மாமனார் டிரம்மைப் பார்த்தார், இளையவளைப் பார்த்தார். கையைப் பிசைந்தார். பெரியவர்கள் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வீடு அது. கடைசியில், உள்ள போம்மா, இந்த வாடை உனக்கு ஆகாது என்று மட்டும் சொன்னார். பிறகு தானே கையுறையை மாட்டிக்கொண்டு குழி வெட்டப் போனார். இளையவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வயிற்றில் இரண்டு கையையும் வைத்து அழுதாள். அந்த அழுகையில் பயம் இல்லை, நிம்மதிதான் இருந்தது.

லேப் முடிவு அந்த வாரமே வந்துவிட்டது. கிளமிடியா என்ற பாக்டீரியாவாம். டாக்டரம்மா மிச்சமிருந்த சினை ஆடுகளுக்கு ஊசி போட்டார். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியும் என்று சொல்லமாட்டேன் என்றார். சில குட்டிகள் விழவும் செய்தன, பல பிழைத்தன. அடுத்த வருஷத்துக்குத் தடுப்பூசி இருப்பதாகவும் சொன்னார். விவரம் கேட்க அவருடைய மருத்துவமனையில் பட்டிக்காரர்கள் எல்லாரும் கூடினார்கள். மூத்தவளும் போயிருந்தாள்.

அங்கேதான் அவளுக்கு ஆச்சரியம் காத்திருந்தது. எத்தனை கேள்விகள்! இது கிருமிதான் என்று என்ன நிச்சயம்? ஊசி போட்டால் கறிக்கு ஆகுமா? வேறு டாக்டர் வேறு மாதிரி சொன்னால்? தீவனக் கடைக்காரர் எழுந்து, நீங்கள் அந்தக் கிருமியைக் கண்ணால் பார்த்தீர்களா என்று நெஞ்சை நிமிர்த்திக் கேட்டார். டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. மைக்ராஸ்கோப்பில் கண்ணாடித் துண்டைப் பொருத்திவிட்டு, நாற்காலியைக் காலிசெய்து கொடுத்து, வந்து நீங்களே பாருங்கள் என்றார். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். நீல நிறத்துக்கு நடுவே சிவப்பாகப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. தீவனக் கடைக்காரர் திருப்தியில்லாமல் மறுபடியும் வரிசையில் நின்றார்.

மூத்தவளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

“கேளுங்க, நல்லா கேளுங்க. இதுல ஒரே ஒரு கேள்வியை அந்த ஆள் எங்க வீட்டுப் பொண்ணைப் பார்த்து விரலை நீட்டினப்ப கேட்டிருக்கலாமே? ஆடுங்க கோல் பின்னாடி போனதுக்காவது உப்புன்னு ஒரு காரணம் இருந்துச்சு. நீங்க எதுக்குப் போனீங்கன்னு வீட்டுக்குப் போய் யோசிச்சுப் பாருங்க.”